நீட்டிய கை: மேத்யூ ஹென்சனின் தன்வரலாற்றை முன்வைத்து

முன்னோடி என்கிற சொல்லை நாம் பெருமைக்குரிய சொல்லாகவே பழகிவிட்டோம். பிரித்துப் பார்த்தால் முன்னால் ஓடுகிறவன், அவ்வளவுதான். யார் சொல்லி ஓடினான், யாருக்காக ஓடினான் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. பல்லக்குக்கு முன்னால் ஓடியவனும் முன்னோடிதான். வழியில் கிடந்த கல்லையும் முள்ளையும் அவன் பொறுக்கிப் போட்டிருப்பான். ஊர் போய்ச் சேர்ந்ததும் மாலை பல்லக்குக்குள் இருந்தவருக்கு விழும்.

அமெரிக்க அறிவியலின், தேடல் பயணங்களின் முன்னோடிகள் என்று பட்டியல் போடும் புத்தகங்களில் ராபர்ட் பியரி என்ற பெயர் தவறாமல் இருக்கும். 1909 ஏப்ரல் 6-ஆம் நாள் வட துருவத்தில் முதன்முதலாகக் கால் வைத்த மனிதர் என்று எழுதியிருப்பார்கள். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் மொத்தம் ஆறு பேர். பியரி ஒருவர். மேத்யூ ஹென்சன் என்ற கறுப்பர் ஒருவர். மற்ற நால்வர் இனுயிட் மக்கள்: ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கியா. ஆறு பேர் நின்ற இடத்தில் ஒருவர் மட்டும் எப்படி 'முதல் மனிதர்' ஆனார் என்று கேட்டால், மற்ற ஐவரும் அந்தக் கணக்கில் மனிதர்களாகச் சேர்க்கப்படவில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

அந்த ஐவரில் ஒருவர் புத்தகம் எழுதினார். வட துருவத்தில் ஒரு நீக்ரோ தேடல் பயணி என்ற பொருள்படும் தலைப்பில் 1912-இல் நியூயார்க்கில் வெளிவந்தது ஹென்சனின் தன்வரலாறு. நகல் எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பெரிய புத்தகம் இல்லை. ஆனால் படித்து முடித்தபின் அதை எந்த வரிசையில் வைப்பது என்பது எளிதாக இல்லை. நம் தோழர்களிடம் கொடுத்தால் இரண்டுவிதமான பேச்சுதான் வரும். 'பாத்தீங்களா, நம்ம மாதிரி ஒருத்தன் துருவத்தையே தொட்டிருக்கான்' என்று சிலர் கொண்டாடுவார்கள். 'எசமான் புகழ் பாடுற புத்தகம், இதுல என்ன இருக்கு' என்று சிலர் தள்ளிவிடுவார்கள். இரண்டு வாசிப்பும் போதாது என்பதுதான் என் வாதம். 

2

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். ஹென்சன் 1866 ஆகஸ்ட் 8-இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். வாஷிங்டனில் கொஞ்ச காலம் பள்ளிப்படிப்பு. பிறகு பால்டிமோர் துறைமுகத்துக்குப் போய், கப்பலில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். கப்பல்தான் அவருக்குப் பல்கலைக்கழகம். கப்பல் தலைவரே எழுத்தும் கணக்கும் சொல்லித்தந்தார். சீனம் வரைக்கும் போய் வந்தார்.

1887-இல் வாஷிங்டனில் ஒரு தொப்பிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தபோது கடற்படைப் பொறியாளர் பியரியின் கண்ணில் பட்டார். நிகராகுவாவில் கால்வாய் அளவைப் பணிக்குப் போகும் பியரிக்கு ஒரு பணியாள் தேவைப்பட்டது. அப்படிப் பணியாளாகச் சேர்ந்தவர்தான், அடுத்த இருபத்திரண்டு வருடம் பியரியின் பயணங்களில் விடாமல் கூடப் போனார். 1891-இல் கிரீன்லாந்து. பிறகு மறுபடி மறுபடி கிரீன்லாந்து. 1898 முதல் 1902 வரை நான்கு வருடம் பனியிலேயே வாழ்க்கை. 1905-06-இல் ஒரு முயற்சி. 1908-09-இல் கடைசி முயற்சி.

இதற்குள் பணியாள் வேறு ஆளாகிவிட்டார். இனுயிட் மொழியைச் சரளமாகப் பேசினார். சறுக்குவண்டி கட்டினார், உடைந்தால் உறைபனியில் வைத்தே செப்பனிட்டார். நாய்களை ஓட்டுவதில் வெள்ளைக்காரர் யாரும் அவருக்குப் பக்கத்தில் வர முடியாது என்று பியரியே ஒப்புக்கொண்டிருக்கிறார். வேட்டையாடினார், சமைத்தார், புதிதாக வந்த வெள்ளைக்கார உதவியாளர்களுக்குப் பனியில் பிழைத்திருக்கக் கற்றுக்கொடுத்தார். இனுயிட் மக்கள் அவருக்கு 'மாரி பாலுக்' என்று பெயர் வைத்தார்கள். அன்பான மேத்யூ என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1899 தொடக்கத்தில் பியரியின் கால்கள் உறைந்துபோய், கடைசியில் எட்டு விரல்களை இழந்தார். அந்தக் காலோடு அவர் அதற்குப் பிறகு பத்து வருடம் துருவப் பயணம் செய்ய முடிந்தது என்றால் அதற்கு வேறு கால்கள் ஓடவேண்டியிருந்தது.

3

இனிப் புத்தகத்துக்கு வருவோம். அதன் முதல் பக்கங்கள் ஹென்சனுடையவை அல்ல. பியரியின் அணிந்துரை ஒன்று, புக்கர் டி. வாஷிங்டனின் முன்னுரை ஒன்று. இரண்டு வாசலையும் தாண்டித்தான் ஹென்சனின் வீட்டுக்குள் நுழைய முடியும். நிறமோ வளர்ப்போ உறுதியான நெஞ்சுக்குத் தடையில்லை என்பதற்கு ஹென்சன் சான்று என்கிறார் பியரி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதே பியரி, இரண்டு வருடம் முன்னால், 1910-இல், தன் சொந்தப் புத்தகத்தில் என்ன எழுதினார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

கடைசிக் கட்டத்துக்குக் கப்பல் தலைவர் பார்ட்லெட்டை அழைத்துப் போகாமல் ஹென்சனை ஏன் அழைத்துப் போனீர்கள் என்ற கேள்விக்குப் பியரி அங்கே விளக்கம் சொல்கிறார். வேலைக்கு ஹென்சன்தான் மிகச் சிறந்தவர் என்கிறார். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறார்: வெள்ளைக்கார உதவியாளர்களுக்கு இருக்கும் துணிவும் தன்முனைப்பும் இனவழிச் சொத்தாக ஹென்சனுக்குக் கிடைக்கவில்லை, தனியே ஒரு குழுவை நடத்திக்கொண்டு கரைக்குத் திரும்புவது அவரால் ஆகாது, அதனால் அவரை அப்படித் திருப்பியனுப்பி ஆபத்தில் விடுவது நியாயமில்லை. அதாவது ஹென்சனைத் துருவத்துக்குக் கூட்டிப்போனதே கருணையினால்தானாம்.

இந்த வாதத்தை நிதானமாகப் பாருங்கள். திறமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அந்தத் திறமையையே தகுதியின்மைக்குச் சான்றாக்குகிற வாதம் இது. வண்டி கட்டத் தெரியும், நாய் ஓட்டத் தெரியும், மொழி தெரியும், பனியின் குணம் தெரியும். ஆனால் தலைமை தாங்கத் தெரியாது. ஏன்? பிறப்பிலேயே இல்லை. கையால் செய்வதெல்லாம் ஒருவனுக்கு, கட்டளையிடுவது மட்டும் இன்னொருவனுக்கு, அதுவும் பிறப்பின் வழியாக. இதற்குப் பெயர் என்ன என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களின் பிரிவினை என்று 1936-இல் அம்பேத்கர் எழுதினார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் பியரியின் பக்கங்கள் நமக்கு மிகத் தெளிவாகப் புரியும்.

புக்கர் வாஷிங்டனின் முன்னுரை வேறு வகை. அமெரிக்கக் கண்டத்தில் நடந்த தேடல் பயணங்களில் கறுப்பர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறார்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டுகிறார். இது முக்கியமான வேலைதான். மறைக்கப்பட்ட பெயர்களைத் தோண்டியெடுக்கும் வேலை. ஆனால் அவர் அழுத்துவது விசுவாசத்தை, உழைப்பை, பொறுமையை. கறுப்பர் உழைத்துக் காட்டினால் வெள்ளையர் ஒருநாள் மதிப்பார் என்பது அவருடைய அரசியல். அந்த அரசியலை டு பாய்ஸ் 1903-லேயே கடுமையாக விமர்சித்துவிட்டார். அந்த டு பாய்ஸுக்குத்தான் 1946-இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார் என்பது சும்மா நடந்ததல்ல.

விசுவாசத்துக்கு என்ன கூலி கிடைத்தது என்பதற்கு யார்க் என்பவரின் கதையே போதும். 1804 முதல் 1806 வரை நடந்த லூயிஸ்-கிளார்க் பயணத்தில் கிளார்க்கின் அடிமையாக மேற்குக் கடல் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பியவர் யார்க். கூடப் போன மற்றவர்களுக்கு இரட்டைச் சம்பளமும் நிலமும் கிடைத்தன. யார்க்குக்கு ஒன்றும் இல்லை. விடுதலை கேட்டபோது கிளார்க் மறுத்தார். 2001-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அவருக்குப் படைத்துறைப் பட்டம் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு நூற்றாண்டு கழித்து, எலும்பும் எங்கே கிடக்கிறது என்று தெரியாத ஒருவருக்கு.

4

இப்படி இரண்டு பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கும் புத்தகத்தில் ஒருவர் என்ன பேசமுடியும்? பேசக்கூடியதைத்தான் பேசமுடியும். ஹென்சன் பியரியைப் புகழ்கிறார். சலிப்பு வரும் அளவுக்குப் புகழ்கிறார். இதைப் பார்த்துத்தான் புத்தகத்தைத் தூக்கிப் போடுகிறவர்கள் போடுகிறார்கள். நான் அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: துருவத்தில் நடந்ததைச் சொல்லும் அந்த ஒரு பக்கத்தை இன்னொரு தடவை படியுங்கள்.

கொடியை நட்டாகிவிட்டது. ஹென்சன் தன் வலது கையுறையைக் கழற்றுகிறார். உறைபனியில் வெறுங்கையை வெளியே எடுப்பது என்றால் என்ன என்று அந்த இடத்தை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டிக்கொண்டு பியரியிடம் போகிறார். பியரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கண்களைக் கையால் மூடிக்கொண்டு, தன்னை நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடவேண்டாம் என்று கட்டளை கொடுக்கிறார். ஏன் திரும்பிக்கொண்டார்? காற்றில் ஏதோ கண்ணில் விழுந்திருக்கலாம், அல்லது சூரியனை வெகுநேரம் பார்த்ததால் கண் எரிந்திருக்கலாம் என்று ஹென்சனே இரண்டு காரணம் சொல்லிக் கடந்துபோகிறார்.

ஒரு காரணம் போதாதா? உண்மையான காரணம் தெரிந்திருந்தால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். இதுவாக இருக்கலாம், இல்லாவிட்டால் அதுவாக இருக்கலாம் என்று அடுக்கும்போதே, மூன்றாவதாக ஒன்று அங்கே சொல்லப்படாமல் நிற்கிறது. இருபத்திரண்டு வருடம் கூட நடந்தவனின் வெறுங்கை காற்றில் அப்படியே நின்றது. நீட்டின கை தொடப்படாமல் நிற்பதென்றால் என்ன என்று நமக்கு விளக்கவுரை வேண்டாம்.

அந்த மூன்றாவதைப் புத்தகம் வருவதற்கு முன்பே ஹென்சன் சொல்லியிருந்தார். 1910-இல் பாஸ்டன் நாளிதழ் ஒன்றில், துருவத்தை அடைந்துவிட்டோம் என்று தெரிந்த நேரத்திலிருந்து பியரி தன்னோடு பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார் என்று வருத்தத்தோடு சொன்னார். அன்றைக்கு ஹென்சனின் வண்டி முன்னால் போய்விட்டது, பியரி பின்னால் வந்து சேர்ந்தார் என்பதுதான் அந்த மௌனத்துக்குக் காரணம் என்பது அவர் பேச்சிலிருந்து தெரிகிறது. முன்னால் ஓடச் சொன்னவர் எசமான்தான். ஆனால் முன்னால் போய்விடக் கூடாது.

1910-இல் நாளிதழில் பேசியதும் 1912-இல் புத்தகத்தில் விழுங்கியதும் ஒரே மனிதர். இடையில் நடந்த மாற்றம் ஹென்சனின் மனசில் நடந்ததல்ல. நாளிதழுக்குப் பியரியின் அணிந்துரை தேவையில்லை, புத்தகத்துக்குத் தேவை. 1909-இல் அவர் ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்ய முயன்றபோது பியரி அதை விரும்பவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், யாருடைய அனுமதிக்குள் இந்தப் பிரதி எழுதப்பட்டது என்பது விளங்கும். ஒடுக்கப்பட்டவரின் தன்வரலாற்றைப் படிக்கும்போது என்ன சொல்கிறார் என்பதோடு, யார் காதுக்குக் கேட்கும் தூரத்தில் சொல்கிறார் என்பதையும் படிக்கவேண்டியிருக்கிறது. கோபம் பக்கத்துக்குப் பக்கம் கொப்பளித்தால்தான் அது நம் எழுத்து என்று ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு அலைகிற விமர்சனத்துக்கு இந்த மாதிரிப் பிரதிகள் கைக்குப் பிடிபடாது.

அதே அத்தியாயத்தில் ஹென்சனின் பெருமிதமும் இருக்கிறது. உலகத்தின் பெரிய காரியங்கள் நடந்த இடங்களிலெல்லாம் வெள்ளை மனிதனோடு ஒரு கறுப்பு மனிதன் கூட இருந்திருக்கிறான் என்கிறார். பிரமிடு கட்டியதிலிருந்து சிலுவை சுமந்தது வரைக்கும் அடுக்குகிறார். 'கூட இருந்தான்' என்ற சொல்லைத் தாண்டி அவரால் போகமுடியவில்லை. செய்தவன் கறுப்பன் என்று சொல்ல நா எழவில்லை. அது அந்தக் காலத்தின் எல்லை, அந்தப் பிரதியின் எல்லை. ஆனால் பிரமிடு கட்டும்போது 'கூட இருந்தவன்' என்ன செய்திருப்பான்? கல் சுமந்திருப்பான். சிலுவையின் கூடப் போனவன் என்ன செய்தான்? சிலுவையைத் தூக்கினான். அவர் தேர்ந்தெடுத்த உதாரணங்கள் அவர் தேர்ந்தெடுத்த சொல்லை மீறிப் பேசுகின்றன.

5

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகள் துருவத்தைப் பற்றியவை அல்ல, வேலையைப் பற்றியவை. குளிர்காலம் முழுக்கக் கப்பல் பனியில் சிறைப்பட்டுக் கிடக்கும்போது வண்டிகள் கட்டப்படுகின்றன. இனுயிட் பெண்கள் தோலாடைகளைத் தைக்கிறார்கள். அந்தத் தையலில் ஒரு இழை விட்டுப்போனால் ஒரு ஆண் சாவான். 1909 மார்ச் முதல் நாளில் கொலம்பியா முனையிலிருந்து பனிக்கடலுக்குள் இறங்கிய படையில் 24 பேர், 19 வண்டிகள், 133 நாய்கள். 24 பேரில் 17 பேர் இனுயிட்டுகள். பனி பிளந்து நடுவே கருந்தண்ணீர் தெரியும் இடங்களில் பாதை நின்றுவிடும். காத்திருக்கவேண்டும், அல்லது பனிப்பாளத்தையே ஓடமாக்கித் தாண்டவேண்டும். அப்படி ஓரிடத்தில் ஹென்சன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டார். ஊட்டா பிடரியைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார். நனைந்த காலணியைக் கழற்றி, உடையில் இருந்த ஈரம் உறைவதற்கு முன்னால் தட்டி உதறிக் காப்பாற்றினார். உயிர் பிழைத்த கதையை ஹென்சன் ஆரவாரமில்லாமல் சொல்கிறார். இந்தப் பக்கங்களில் பியரி இல்லை. இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே புத்தகத்தின் மொழியே மாறிவிடுகிறது.

எது அறிவு, எது வெறும் கைவேலை என்கிற கேள்வி இங்கேதான் வருகிறது. சூரியனின் உயரத்தைக் கருவியால் அளந்து இடத்தைக் கணிப்பது அறிவியல். அதைப் பியரி ஒருவரே செய்தார். பனியின் நிறத்தைப் பார்த்து அது தாங்குமா தாங்காதா என்று சொல்வது அறிவியல் இல்லை; ஏனென்றால் அதை ஹென்சனும் ஊட்டாவும் செய்தார்கள். ஆனால் எந்த அறிவு தவறியிருந்தால் ஆறு பேரும் செத்திருப்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பியரியின் கணிப்பைச் சரிபார்க்கத் தெரிந்த பார்ட்லெட் ஏப்ரல் 1-ஆம் தேதி 87 பாகை 47 கலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஐந்தே நாளில் துருவம் என்கிறார் பியரி. அந்த வேகம் சாத்தியமா என்ற சந்தேகம் அன்றிலிருந்தே இருந்தது. 1988-இல் துருவப் பயணி வாலி ஹெர்பர்ட், பியரியின் நாட்குறிப்பைப் படித்துப் பார்த்து, அவர் துருவத்தை எட்டியிருக்கமாட்டார் என்று எழுதினார். அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வு, எட்டினார் என்றது. சண்டை தீரவில்லை. ஃபிரெடெரிக் குக் என்பவர், தான் 1908-லேயே போய்விட்டதாகச் சொன்னதும் நிரூபிக்கப்படவில்லை.

நம் தோழர்களில் சிலருக்கு இந்தச் சந்தேகம் பதற்றத்தைத் தரும். துருவத்தையே தொடவில்லை என்றால் ஹென்சனைக் கொண்டாடுவது எப்படி? நான் தலைகீழாகக் கேட்கிறேன். அந்தப் புள்ளி கைதவறினால் பியரிக்கு என்ன மிஞ்சுகிறது? பெரிதாக ஒன்றுமில்லை, அவர் தன் வாழ்க்கையையே அந்தப் புள்ளியில்தான் கட்டினார். ஹென்சனுக்கு அப்படியில்லை. கட்டிய வண்டி கட்டியதுதான். கற்ற மொழி கற்றதுதான். ஓடிய மைல்கள் ஓடியவைதான். கருவி பொய் சொல்லலாம், உழைப்பை யாரும் திருத்தி எழுத முடியாது. 'முதல்' என்கிற பட்டத்தை எசமானிடமிருந்து பிடுங்கி நம் ஆளுக்குச் சூட்டிவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்று நினைப்பதும் எசமானின் கணக்கிலேயே மாட்டிக்கொள்வதுதான். அப்படிச் சூட்டினால் ஊட்டாவை எங்கே வைப்பது?

6

ஊட்டாவை எங்கே வைப்பது என்ற கேள்வியை ஹென்சனிடமும் கேட்டாகவேண்டும். ஒடுக்கப்பட்டவர் எழுதினார் என்பதற்காகப் பிரதிக்கு விமர்சனத்திலிருந்து விலக்கு கிடையாது.

பியரியின் பயணங்கள் வெறும் வரைபட வேலை அல்ல. கிரீன்லாந்தின் யார்க் முனைப் பகுதியில் விண்ணிலிருந்து விழுந்த பெரிய இரும்புக் கற்கள் இருந்தன. இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக அதிலிருந்துதான் சில்லு எடுத்துக் கத்தியும் ஈட்டிமுனையும் செய்தார்கள். 1895, 1897 பயணங்களில் பியரி அவற்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பெரிய கல் மட்டும் முப்பது டன்னுக்கு மேல். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அவற்றை 40,000 டாலருக்கு வாங்கியது. 1897-இல் கல்லோடு சேர்த்து ஆறு இனுயிட் மக்களையும் கொண்டுபோனார். ஒரு வருடத்துக்குள் நால்வர் நோயில் செத்தார்கள். மினிக் என்ற சிறுவனின் தகப்பன் கிசுக்கும் செத்தார். பையனின் கண்முன்னால் ஒரு பொய்ச் சவ அடக்கம் நடத்தினார்கள். தகப்பனின் எலும்புகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. அந்த எலும்புகள் கிரீன்லாந்துக்குத் திரும்பியது 1993-இல். இதற்கும் அறிவியல் என்றுதான் பெயர்.

அந்தக் கல்லை இழுத்த கைகளில் ஹென்சனின் கையும் உண்டு. அதே அருங்காட்சியகத்தில் கொஞ்ச காலம் அவர் வேலையும் பார்த்தார். தன்னை இனுயிட்டுகளில் ஒருவன் என்று அவர் எழுதுவது பொய்யல்ல. அவர்களோடு உண்டு, உறங்கி, அவர்கள் மொழியில் பேசியவர். புத்தகத்தின் பின்னிணைப்பில் அந்தச் சமூகத்தாரின் பெயர்களைப் பட்டியலாகக் கொடுக்கிறார். கூட்டமாகவே பார்க்கப்பட்ட மக்களை ஒவ்வொரு பெயராக எழுதிவைத்தது சாதாரண காரியமல்ல. ஆனால் அவர்களை வேலைக்குத் திரட்டும் தரகராகவும், பியரியின் சொல்லை அவர்கள் மொழியில் சொல்லும் வாயாகவும் அவரே இருந்தார். மேலே இருப்பவனுக்குக் கீழே, கீழே இருப்பவனுக்கு மேலே. படிநிலை அப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொருவன் காலடியிலும் மிதிக்க இன்னொருவனைக் கொடுத்து வைத்திருக்கிறது.

இன்னொரு மௌனமும் உண்டு. 1906-இல் அக்காட்டிங்வா என்ற இனுயிட் பெண்ணுக்கும் ஹென்சனுக்கும் ஒரு மகன் பிறந்தான். பெயர் அனாவ்காக். பியரிக்கும் அலெகாசினா என்ற பெண்ணோடு பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். பியரி அந்தப் பெண்ணின் நிர்வாணப் படத்தைத் தன் புத்தகத்தில் அச்சிட்டார். பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஹென்சனும் மகனைப் பற்றிப் புத்தகத்தில் சொல்லவில்லை. 1909-க்குப் பிறகு இருவருமே அங்கே திரும்பிப் போகவில்லை. துருவத்தைத் தொட்டவர்கள் என்று இரண்டு பேரையும் கொண்டாடுகிற எழுத்துகளில் தோலாடை தைத்த பெண்களும் இல்லை, பிள்ளை பெற்ற பெண்களும் இல்லை. நம் விமர்சனம் இந்த இடத்தில் தயங்கினால் நாமும் பல்லக்கைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

7

திரும்பி வந்தபின் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்ட்லெட்டுக்கு 1909-லேயே தேசியப் புவியியல் கழகத்தின் ஹப்பர்ட் பதக்கம். பியரிக்கு 1911-இல் நாடாளுமன்றத்தின் நன்றி, கடற்படையில் துணைத் தளபதிக்குரிய ஓய்வூதியம். ஹென்சனுக்கு நியூயார்க் கறுப்பின மக்கள் 1909 அக்டோபரில் விருந்து வைத்தார்கள். தம் மக்கள் தந்ததைத் தவிர அன்றைக்கு வேறெதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்குக் கிடைத்த வேலை செய்தார். 1913-இல் நியூயார்க் சுங்க அலுவலகத்தில் கடிதம் கொண்டுபோகும் ஏவலர் வேலை. பிறகு எழுத்தர். 1936 வரை அங்கேயே. ஓய்வூதியம் கேட்டு நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் நிறைவேறவில்லை.

அதே 1913-இல், அதே நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க அம்பேத்கர் வந்து இறங்கினார். ஒரு நகரத்தின் ஒரு முனையில் உலகத்தின் உச்சிக்குப் போய் வந்தவர் கடிதக் கட்டோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். இன்னொரு முனையில் சாதியைப் பற்றிய முதல் ஆய்வுக்கட்டுரைக்கான படிப்பு நடந்துகொண்டிருந்தது. இதை ஒரு வருடக் கணக்காக மட்டும் குறித்துவைக்கிறேன்.

தேடல் பயணிகள் சங்கம் 1937-இல் ஹென்சனை உறுப்பினராக்கியது. 1954-இல் வெள்ளை மாளிகைக்கு அழைத்தார்கள். 1955 மார்ச் 9-இல் இறந்தார். நியூயார்க்கில் ஒரு சாதாரணக் கல்லறை. ஆலன் கவுன்ட்டர் என்ற கறுப்பினப் பேராசிரியர் 1986-இல் கிரீன்லாந்துக்குப் போய், எண்பது வயது அனாவ்காக்கைக் கண்டுபிடித்தார். 1987-இல் அமெரிக்காவுக்கு அழைத்துவந்து தகப்பனின் கல்லறையைக் காட்டினார். அதே வருடம் அனாவ்காக் இறந்துபோனார். 1988 ஏப்ரல் 6-இல் ஹென்சனின் எச்சங்களை எடுத்துப்போய் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில், பியரிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். 2000-இல் அந்த ஹப்பர்ட் பதக்கம் வந்து சேர்ந்தது. 2021-இல் நிலவின் தென்துருவத்தருகே ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இந்த மரியாதைகளை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவற்றை வாங்கித் தந்தவர்கள் போராடித்தான் வாங்கினார்கள். ஆனால் பிணத்துக்கு மாலை போடுவது எந்த ஆதிக்கத்துக்கும் சிரமமான வேலை அல்ல. பியரிக்குப் பக்கத்தில் படுக்கவைத்ததே அவருக்குக் கிடைத்த உச்ச மரியாதை என்று எழுதுகிறார்கள். அங்கேயும் அவர் 'கூட இருப்பவர்'தான்.

ஹென்சனைப் பாடப்புத்தகத்தின் முன்னோடிப் பட்டியலில் இன்னொரு பெயராகச் சேர்த்துவிட்டு நகர்ந்துபோவது எனக்குப் போதவில்லை. அவருடைய புத்தகம் தமிழில் முழுதாக வரவேண்டும். இரண்டு முன்னுரைகளையும் எடுத்துவிடாமல், அப்படியே வைத்து வரவேண்டும். எந்த வாசலைத் தாண்டி அவர் பேசினார் என்பது மாணவர்களுக்குத் தெரியவேண்டும். பின்னிணைப்பில் உள்ள இனுயிட் பெயர்களில் ஒன்றையும் விடக் கூடாது. மொழிபெயர்க்கிறவர் அந்தக் கையுறை வரும் பக்கத்தில் ஒன்றைக் கவனமாகச் செய்யவேண்டும்: ஹென்சன் சொல்லாமல் விட்ட மூன்றாவது காரணத்தைத் தன் பங்குக்குச் சேர்த்துவிடக் கூடாது. அவர் அடுக்கிய இரண்டையும் அப்படியே தமிழில் தந்தால் போதும். நம்ம ஜனங்களுக்கு மீதி விளங்கும்.